மால்கம் கோழையா, நிதானக்காரனா? (மேக்பெத் – விவாத இழை)

வைகைக்கரையான்:

போன வாரம் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தை மறுபடி முழுசாகப் படித்தேன். கல்லூரியில் படித்த காலத்தில் மேக்பெத், அவன் மனைவி, சூனியக்காரிகள், மேக்பெத் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவி, இவ்வளவுதான் கண்ணில் பட்டது. இந்த முறை ஏனோ கண், ஸ்காட்லாந்து ராஜா டங்கனின் மூத்த மகன் மால்கம் மேலேயே போய்க்கொண்டிருந்தது.

நாடகத்தில் அவன் அறிமுகமாகும் விதத்தைப் பாருங்கள். ரத்தம் சொட்ட ஒரு வீரன் வருகிறான். "நான் சிறைபடாமல் இருக்கச் சண்டை போட்டவன் இவன்தான்" என்று மால்கமே சொல்கிறான். ஆக, இன்னொருத்தன் தயவில் தப்பித்தவனாகத்தான் நமக்கு முதலில் தெரிகிறான். அப்புறம் அப்பா டங்கன், சபையில் இவனைக் கம்பர்லாந்து இளவரசன் என்று அறிவிக்கிறார். இனி இவன்தான் வாரிசு. அறிவிப்புக்குப் பிறகு அந்தக் காட்சியில் பையன் வாயே திறப்பதில்லை. ஒரு நன்றிகூடக் கிடையாது. பக்கத்தில் நிற்கும் மேக்பெத்தோ, "இந்தப் படியில் நான் தடுக்கி விழ வேண்டும், இல்லை தாண்டிக் குதிக்க வேண்டும்" என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறான்.

அடுத்தது கொலை. தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த டங்கனை மேக்பெத் தூக்கத்தில் கொன்றுவிடுகிறான். கோட்டையே அலறும்போது அண்ணனும் தம்பியும் ஓரமாக நின்று கிசுகிசுக்கிறார்கள். மனசில் இல்லாத துக்கத்தை முகத்தில் காட்டுவது பொய்யனுக்குச் சுலபம், இவர்களோடு சேர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மால்கம் இங்கிலாந்துக்கும், டொனால்பெய்ன் அயர்லாந்துக்கும் கிளம்பிவிடுகிறார்கள். சொல்லிக்கொண்டு போகக்கூட நிற்கவில்லை. கொன்றவர்களே இவர்கள்தான் என்று ஊர் பேசுகிறது, மேக்பெத் ராஜாவாகிவிடுகிறான்.

இதே ஆள்தான் கடைசியில் படையோடு திரும்பி வந்து முடிசூட்டிக்கொள்ளப் போகிறான். பயந்தவன் வீரனானான் என்று கோனார் நோட்ஸ் பாணியில் எழுதிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுடைய ஜாக்கிரதை கடைசிவரை அப்படியே இருக்கிறது. முதலில் அது அவன் உயிரை மட்டும் காப்பாற்றியது, பிறகு அதை வைத்தே நாட்டைப் பிடிக்கிறான். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

கடைசிபெஞ்சு:

அண்ணா, நான் இந்த மால்கமாகவே நடித்தவன். கல்லூரி ஆண்டு விழாவில். மேக்பெத் வேஷம் கேட்டுப் போனேன், "உனக்கு முகம் சாதுவாக இருக்கிறது" என்று இதைக் கொடுத்துவிட்டார்கள்.

"உங்கள் தந்தை கொல்லப்பட்டார்" என்று மக்டஃப் என்ற பிரபு சொன்னதும் மால்கமுக்கு ஒரே ஒரு வரி: "ஓ, யாரால்?" ஒத்திகையில் எப்படிச் சொல்லிப் பார்த்தும் சரியாக வரவில்லை. விழா அன்று சொன்னதும் பின்வரிசையில் கொல்லென்று சிரித்தார்கள். பேனா காணாமல் போனவன் கேட்கிற மாதிரி கேட்டேனாம்.

இங்கிலாந்துக் காட்சி பெரியது என்று பத்துப் பதினைந்து வரிகளாக வெட்டிவிட்டார்கள். அதனால் நான் ஓடினேன், அப்புறம் திடீரென்று ஒரு வேப்பங்கிளையோடு வந்தேன், ராஜா ஆனேன். நடுவில் என்ன ஆனது என்று எனக்கே அப்போது தெரியாது.

ஊமத்தம்பூ:

நடுவில் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் விஷயம். வைகைக்கரையான் கொஞ்சம் கூடவே மெனக்கெடுகிறார்.

கணக்குப் பாருங்கள். படை யாருடையது? இங்கிலாந்து மன்னர் எட்வர்ட் கொடுத்த பத்தாயிரம் பேர். தளபதி யார்? கிழவர் சிவர்ட். முதல் தாக்குதலை நடத்துவது யார்? சிவர்டும் அவர் மகனும், மால்கமே அப்படித்தான் ஏற்பாடு செய்கிறான். மேக்பெத்தைக் கொன்றது மக்டஃப். மேடையில் மேக்பெத்தோடு மால்கம் ஒரு வாள்வீச்சுகூடப் பரிமாறவில்லை. பந்தி முடிந்த பிறகு வந்து தாம்பூலம் வாங்கிக்கொள்கிறவன் மாதிரி வந்து கிரீடத்தை வாங்கிக்கொள்கிறான்.

மேக்பெத் கொலைகாரன், சந்தேகமில்லை. ஆனால் அவன் பேசினால் மூச்சு நின்றுவிடுகிறது. மால்கம் பேசினால் கொட்டாவி வருகிறது. ஷேக்ஸ்பியருக்கே இவன் மேல் பெரிய ஆர்வம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இங்கிலீஷ்டீச்சர்:

கொட்டாவி வருகிறது என்று சொல்லப்படும் அந்த இங்கிலாந்துக் காட்சியைப் பல வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நாலாம் அங்கம், மூன்றாம் காட்சி. மேடையில் அதை வெட்டினால் மால்கம் என்ற பாத்திரமே மிஞ்சாது, கடைசிபெஞ்சு நடித்த மாதிரிதான் ஆகும். (கோபித்துக்கொள்ளாதேப்பா.)

மக்டஃப் உதவி கேட்டு வருகிறான். மால்கமுக்கு அவன் மேல் நம்பிக்கை இல்லை. காரணம் இருக்கிறது, இதற்கு முன்பே மேக்பெத் பல ஆட்களை அனுப்பி இவனை வலையில் இழுக்கப் பார்த்திருக்கிறான். அதோடு ஒரு குத்தலான கேள்வியும் கேட்கிறான்: மனைவி மக்களை விடைகூடப் பெறாமல் ஏன் அப்படி அம்போவென்று விட்டுவிட்டு வந்தாய்? மேக்பெத்தோடு உனக்குள்ளூர உடன்பாடு இருந்தால்தானே அப்படி விட முடியும்?

அப்புறம்தான் ஆரம்பிக்கிறான். "மேக்பெத் எவ்வளவோ தேவலை. நான் வந்தால் இன்னும் மோசம்." முதலில், தனக்குக் காம வெறி அடங்காது என்கிறான். மக்டஃப் நெளிகிறான், ஆனாலும், "பரவாயில்லை, ரகசியமாகச் சமாளித்துக்கொள்ளலாம், இணங்கிவரும் பெண்கள் நாட்டில் இருக்கிறார்கள்" என்கிற அளவுக்கு இறங்கி வருகிறான். இரண்டாவது, பேராசை. பிரபுக்களின் நிலம், நகை, வீடு எல்லாவற்றையும் பிடுங்குவேன். இது இன்னும் ஆழமாக வேர்விடும் நோய் என்று மக்டஃப் வருந்துகிறான், இருந்தாலும் ஸ்காட்லாந்தில் உனக்குப் போதுமான செல்வம் இருக்கிறது என்று அதையும் விழுங்குகிறான். மூன்றாவதாக, அரசனுக்கு வேண்டிய நீதி, உண்மை, பொறுமை, இரக்கம், துணிவு என்று பன்னிரண்டு குணங்களை வரிசையாக அடுக்கி, இதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்கிறான்.

அங்கேதான் மக்டஃப் உடைகிறான். "இவன் ஆளத் தகுதியானவனா? உயிரோடு இருக்கவே தகுதியில்லாதவன்!" என்று சொல்லிவிட்டுப் போகக் கிளம்புகிறான்.

போகக் கிளம்பியதால்தான் தேறினான். "நீ எப்படி இருந்தாலும் எனக்கு நீதான் ராஜா" என்று கடைசிவரை கூட இருந்திருந்தால் மால்கம் அவனை நம்பியிருக்க மாட்டான். தன்னையே வேண்டாம் என்று சொல்லத் துணிகிறவனைத் தேடியிருக்கிறான். இருபது வயசு சொச்சப் பையனாக அவனைக் கற்பனை செய்து பாருங்கள், இது எவ்வளவு பழுத்த யோசனை!

வைகைக்கரையான்:

டீச்சர், இதைப் படித்ததும் குறள்தான் நினைவுக்கு வந்தது. தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் முதல் குறள்: "அறம்பொருள் இன்பம் உயிரச்சம் நான்கின் திறந்தெரிந்து தேறப் படும்." ஒருவனை அமைச்சனாக வைப்பதற்கு முன் நாலு வகையில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பரிமேலழகர் விரிவாக எழுதுகிறார். மால்கம் எடுத்துக்கொண்ட வரிசை இன்பம், பொருள், கடைசியாக அறம். ஷேக்ஸ்பியருக்குக் குறள் தெரிய வழியே இல்லை, அந்த வம்புக்கு நான் வரவில்லை. ஆட்களைச் சோதிக்க வேண்டிய ராஜாக்களுக்கு எங்கேயும் ஒரே மாதிரி புத்திதான் போகிறது போல.

ஊமத்தம்பூ:

ஒத்துப்போகிற மாதிரி இருக்கிறது, ஆனால் பாதிதான். குறளில் ஆசை காட்டப்படுவது சோதிக்கப்படுகிறவனுக்கு. இங்கே மால்கம் தன் மேலேயே சேற்றைப் பூசிக்கொண்டு எதிராளியின் முகத்தைப் பார்க்கிறான். இரண்டும் வேறு.

அதே அதிகாரத்தின் கடைசிக் குறளையும் படியுங்கள். "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." சோதிக்காமல் நம்புவதும் கெடுதல், நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் கெடுதல். முதல் பாதி அப்படியே டங்கன். ஒருத்தனுடைய முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க வித்தை ஏதும் இல்லை, துரோகியாகிவிட்ட அந்தக் காடர் பிரபுவை முழுசாக நம்பியிருந்தேனே என்று அவர் புலம்பி வாய் மூடுவதற்குள் மேக்பெத் உள்ளே வருகிறான். அவனையும் அப்படியே நம்புகிறார். அன்றைக்கே அவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார்.

இந்த இடத்தில் மட்டும் மால்கமுக்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். முகத்தைப் படிக்க முடியாது என்று அப்பா கையை விரித்தார். மகன், சரி, முகம் வேண்டாம், வேறு வழி பார்ப்போம் என்று போயிருக்கிறான்.

பழங்கணக்கு:

நடுவில் கொஞ்சம் நிஜ வரலாறு. டங்கன் படுக்கையில் குத்துப்பட்டுச் சாகவில்லை, 1040-ல் எல்கின் பக்கத்தில் போரில் இறந்தார். கிழவரும் இல்லை. அப்போது மால்கம் சிறுபையன். மேக்பெத் 17 ஆண்டு ஆண்டார், இடையில் 1050-ல் ரோமுக்கு யாத்திரை போய் வந்தார், ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தார் என்று குறிப்பு இருக்கிறது. நாட்டைக் கலவரத்தில் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியாது, ஆட்சி ஓரளவு உறுதியாகத்தான் இருந்திருக்கும்.

1054-ல் சிவர்ட் படையெடுத்து வந்து ஜெயித்தார், ஆனால் மேக்பெத் அதில் சாகவில்லை. 1057-ல் லம்ஃபனன் என்ற இடத்தில்தான் கொல்லப்பட்டார். அதற்கு அப்புறமும் மால்கம் உடனே ராஜா ஆகவில்லை, மேக்பெத்தின் மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த லுலாக் சில மாதம் ஆண்டான். அவனையும் ஒழித்துவிட்டு 1058-ல்தான் மூன்றாம் மால்கம். நாடகம் ஒரு மாலையில் முடிக்கிற வேலைக்கு நிஜத்தில் 18 வருஷம்.

இன்னொன்று. தனக்கு அடைக்கலம் கொடுத்த இங்கிலாந்தின் மேலேயே பிற்பாடு மால்கம் பலமுறை படையெடுத்தார், 1093-ல் ஆன்விக் பக்கத்தில் அப்படி ஒரு படையெடுப்பில்தான் செத்தார். உடனே அரியணையில் ஏறியது யார் தெரியுமா? தம்பி டொனால்பெய்ன். "டொனால்பெய்ன் அண்ணனோடு இருக்கிறானா?" என்று நாடகத்தில் ஒருவர் கேட்க, "நிச்சயம் இல்லை" என்று லெனாக்ஸ் என்ற பிரபு சொல்லும் இடத்தை இதை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் லேசாகச் சில்லிடும்.

ஊமத்தம்பூ:

ஆக, நிதானமான நல்ல ராஜா என்பது ஷேக்ஸ்பியர் கட்டிய கதை. 1603-ல் ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜாவாகி வந்துவிட்டார். புது ராஜாவின் ஊர்க் கதை, இங்கிலாந்துப் படை போய் ஸ்காட்லாந்தைக் காப்பாற்றுகிறது, இரண்டு நாட்டுக்கும் இதமான முடிவு. வேறென்ன?

இங்கிலீஷ்டீச்சர்:

ஜேம்ஸ் விஷயம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டிய கதை என்று சொல்லும்போது எங்கே எதை மாற்றிக் கட்டினார் என்று பார்க்க வேண்டும். அவர் கையில் இருந்தது ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல். மால்கம் மக்டஃபைச் சோதிப்பது அதிலேயே இருக்கிறது. காமம், பேராசை, மூன்றாவதாக அங்கே பொய்யும் வஞ்சகமும். ஷேக்ஸ்பியர் இந்த மூன்றாவதை எடுத்துவிட்டு, அரசனுக்குரிய பன்னிரண்டு குணங்களின் பட்டியலை வைத்தார். பொய் சொல்லிச் சோதிக்கிறவன், நான் பொய்யன் என்று சொன்னால் அது வேறு சிக்கலில் கொண்டுபோய் விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. ஹாலின்ஷெட்டில் மனைவி மக்கள் மேக்பெத்தால் கொல்லப்பட்டது மக்டஃபுக்கு முன்பே தெரியும், அதற்குப் பழிவாங்கத்தான் மால்கமிடம் வருகிறான். ஷேக்ஸ்பியர் அந்தச் செய்தியைச் சோதனை முடிந்த பிறகு ராஸ் என்ற பிரபு வாயால் வர வைக்கிறார். சொந்தப் பழி எதுவும் மனசில் இல்லாமல் நாட்டுக்காக மட்டும் வந்தவனை மால்கம் அவ்வளவு நேரம் குடைந்திருக்கிறான். ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று இவன் கேட்ட அந்த மனைவியும் குழந்தைகளும் அப்போதே உயிரோடு இல்லை, முந்தின காட்சியில்தான் நாம் பார்த்தோம். இரண்டு பேருக்கும் அது தெரியாது. நமக்குத் தெரியும்.

கடைசிபெஞ்சு:

டீச்சர் சொன்னதும் அந்தக் காட்சியை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். நேற்று ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. ஒன்று கண்ணில் பட்டது, சரியா என்று சொல்லுங்கள்.

ராஸ் செய்தியைச் சொல்கிறான். மக்டஃப் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு நிற்கிறான், பேச்சு வரவில்லை. மால்கம், "துக்கத்தை வாய்விட்டுச் சொல், சொல்லாத துக்கம் நெஞ்சை உடைத்துவிடும்" என்கிறான். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. மக்டஃப் நம்ப முடியாமல், "என் குழந்தைகளுமா?" "என் மனைவியுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குள் நம்ம ஆள், பழிவாங்குவதையே மருந்தாக்கிக்கொள்வோம், ஆண்பிள்ளையாக எதிர்கொள் என்று படை திரட்டப் போய்விடுகிறான். சாவு வீட்டில் பிணத்தை எடுக்கும் முன்னாலேயே சொத்துப் பேச்சு எடுக்கிற மாமா ஒருத்தர் இருப்பாரே, அந்த மாதிரி. அதற்கு மக்டஃப் சொல்கிற பதில்: "அப்படியே செய்கிறேன். ஆனால் ஆண்பிள்ளையாக அதை உணரவும் வேண்டுமே." மால்கமுக்கு அதற்கு உடனே பதில் இல்லை.

இப்போது கடைசிக் காட்சிக்கு வாருங்கள். சண்டை ஜெயித்தாயிற்று. மால்கமின் முதல் பேச்சே, நம் நண்பர்களில் காணாமல் போனவர்கள் பத்திரமாக வந்துசேர வேண்டுமே என்பதுதான். சில பேர் போகத்தான் செய்வார்கள், இவ்வளவு பெரிய வெற்றி மலிவாகத்தான் கிடைத்திருக்கிறது என்கிறார் சிவர்ட். "மக்டஃபைக் காணோம், உங்கள் மகனையும் காணோம்" என்கிறான் மால்கம். எண்ணிப் பார்த்து வைத்திருக்கிறான்! மகன் செத்துவிட்டான் என்று செய்தி வருகிறது. காயம் நெஞ்சிலா முதுகிலா என்று மட்டும் சிவர்ட் கேட்கிறார். முன்பக்கம்தான் என்றதும், சரி, அப்படியானால் போதும் என்கிறார். அப்போது மால்கம் சொல்கிறான்: "அவன் இதைவிட அதிகத் துக்கத்துக்குத் தகுதியானவன். அதை நான் செலுத்துவேன்." சிவர்ட், "இதற்கு மேல் வேண்டாம்" என்று வெட்டிவிடுகிறார்.

முன்பு துக்கத்தை அவசரமாக மடித்துவைக்கச் சொன்னவன் இவன். இப்போது ஒரு கிழவர் அதைச் செய்யும்போது, இல்லை, இன்னும் அழ வேண்டும் என்கிறான். மக்டஃப் சொன்னது மனசில் தங்கியிருக்கிறது. அப்பா செத்த அன்று பொய்த் துக்கக்காரர்களைப் பார்த்து அழாமல் ஓடியவன், இன்னொருத்தர் மகனுக்காக நான் அழுகிறேன் என்கிறான். எங்கள் நாடகத்தில் இந்த வரிகளும் கிடையாது.

வைகைக்கரையான்:

கடைசிபெஞ்சு, நான் முதல் பதிவில் எழுதியதில் பாதியைத் திருத்திக்கொள்கிறேன். அவன் மாறவே இல்லை என்று நினைத்தேன். ஜாக்கிரதை அவனிடம் ஆரம்பத்திலேயே இருந்தது. துக்கத்தில்தான் வளர்ந்திருக்கிறான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

மிச்சப் பாதியை மட்டும் விடமாட்டேன். பிர்னாம் காட்டில் ஆளுக்கொரு கிளை வெட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறானே, அந்தக் காடு நகர்ந்து வரும்வரை மேக்பெத் தோற்கமாட்டான் என்ற சூனியக்காரிகளின் வாக்கு பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை பேர் வருகிறோம் என்று எதிரியின் ஒற்றர்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவன் கணக்கு. மேக்பெத் விதி என்று நம்பி உட்கார்ந்திருந்த விஷயத்தை இவன் சாதாரண முன்ஜாக்கிரதையால் முடித்துவிடுகிறான். மக்டஃப் முன்னால் தன் நல்ல குணங்களை மறைத்துக்கொண்டதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

கோட்டை அருகே வந்ததும் சொல்கிறான்: போதும், இலைத் திரைகளைக் கீழே எறியுங்கள், நீங்கள் எப்படியோ அப்படியே தெரியுங்கள். படைவீரர்களுக்குக் கொடுத்த கட்டளைதான். ஆனால் அப்பா செத்த ராத்திரி முதல் ஒளிந்துகொண்டே இருந்த ஒருத்தன் அதைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்துப் பாருங்கள்.

ஊமத்தம்பூ:

நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னைக் கரைக்கப் பார்க்கிறீர்கள். சிவர்ட் இடம் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிப் பேச்சு?

ஜெயித்ததும் முதல் வேலையாகப் பட்டம் கொடுக்கிறான். 'தேன்' (thane) என்ற பழைய பட்டம் வைத்திருந்த பிரபுக்கள் இனிமேல் 'எர்ல்' (earl) என்ற புதுப் பட்டக்காரர்கள். இதைத்தானே அப்பாவும் செய்தார்? ஒரு போர் முடிந்ததும் பட்டம், அதை வாங்கியவன் மேக்பெத். "உன்னை நட ஆரம்பித்துவிட்டேன், வளர்த்துவிடுவேன்" என்று டங்கன் மேக்பெத்திடம் சொன்னார். மகனும் இங்கே, இனிப் புதிதாக நட வேண்டியவற்றை நடுவோம் என்கிறான். அதே தோட்டக்காரப் பேச்சு. பாங்கோவின் வம்சம் ஆளும் என்று சூனியக்காரிகள் சொல்லியிருந்தார்கள், அவன் மகன் ஃப்ளீன்ஸ் தப்பித்துப் போனானே, அவன் பெயரையே யாரும் எடுக்கவில்லை. மறுபடி ஒரு சுற்று ஆரம்பம் என்று எனக்குப் படுகிறது.

இங்கிலீஷ்டீச்சர்:

நடுவது பற்றிய சொல் திரும்பி வருவதைக் கவனித்தீர்களே, சபாஷ். ஆனால் டங்கன் நட்டது ஒரே ஆளை, அதுவும் சபை நடுவே நெகிழ்ந்து போய். மால்கம் தனியாக யாரையும் தூக்கி வைக்கவில்லை, எல்லாப் பிரபுக்களுக்கும் ஒன்றாகக் கொடுக்கிறான். வெளிநாட்டுக்கு ஓடிய நண்பர்களைத் திரும்பக் கூப்பிடுகிறான். அளவோடும், காலம் இடம் பார்த்தும் செய்வோம் என்கிறான். வெற்றி ராத்திரியில் அளவு பற்றிப் பேசுகிற ராஜா! சலிப்பாகத்தான் இருக்கும். ஐந்து அங்கம் மேக்பெத்தோடு கிடந்துவிட்டு வந்த நாட்டுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

ஃப்ளீன்ஸ் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசிபெஞ்சு:

நாடகத்தின் கடைசி வார்த்தை ஸ்கோன். முடிசூட்டைப் பார்க்க எல்லாரும் ஸ்கோனுக்கு வாருங்கள் என்று அழைக்கிறான் மால்கம். எங்கள் மேடையில் அதோடு திரை விழுந்துவிட்டது, கைதட்டினார்கள், நான் வேப்பங்கிளையோடு குனிந்து வணங்கினேன்.

இரண்டாம் அங்கத்தில் மேக்பெத் முடிசூட்டிக்கொள்ளப் போனபோது ராஸ் இதே மக்டஃபிடம் கேட்கிறான், ஸ்கோனுக்கு வருகிறாயா என்று. இல்லை, நான் ஃபைஃபுக்குப் போகிறேன் என்கிறான். ஃபைஃபில்தான் அவன் வீடு, மனைவி, குழந்தைகள். இப்போது மால்கம் ஸ்கோனுக்குக் கூப்பிடும்போது அவன் கூட்டத்தில்தான் நிற்கிறான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.